ராயபுரத்தில் அடுப்பேறிய சிற்பம்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு மண்சட்டியைப் பார்ப்பதற்காக வடசென்னை போனேன். செய்தவள் என் தோழி ரோஸ்லின். ராயபுரத்துக்காரி, திருவொற்றியூரில் கொட்டகை பிடித்துச் சூளை வைத்திருக்கிறாள். கிண்டியில் மெட்ரோ ஏறினால் தேரடி நிறுத்தத்தில் இறங்கலாம். ஐம்பது நிமிடம், மாறி ஏறும் வேலையில்லை.

சட்டி லாரி டயர் அகலம். வெளிப்புறம் பழைய கப்பல் தகடு மாதிரி துருநிறம், உள்ளே வழவழவென்று கறுப்பு. நெருப்பைத் தாங்கும் கலவை என்று சொல்லி இதற்கு முன் அவள் செய்த இரண்டு சட்டிகளும் அடுப்பில் வைத்ததும் விரிசல் விட்டிருந்தன.

அன்று ராயபுரத்தில், பழைய கிடங்கு ஒன்றில் சுடுமண் கலைக் கண்காட்சி. சமைக்கிற சாமான் என்றால் வாசலில் கைவினைக் கடைகளோடு வை, சிற்பம் என்றால் கூடத்துக்கு வா, ஆனால் அடுப்பில் ஏற்றாதே என்றாராம் பொறுப்பாளர். எல்லார் முன்னாலும் இதில் மீன்குழம்பு வைப்பேன், தாங்கினால் நடுக்கூடத்தில் இடம் வேண்டும், உடைந்தால் வீட்டுக்குப் போகிறேன் என்று ரோஸ்லின் சொல்லிவிட்டாள். அவரும் ஒத்துக்கொண்டார்.

வாடகைக்குச் சரக்கு ஓட்டும் பாபு அண்ணனின் குட்டியானை வண்டியில் சட்டியை ஏற்றினோம். ராயபுரம் ஏழு கிலோமீட்டர். டோல்கேட்டில் கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே வர, அவர் பிரேக் போட்டார். பின்னால் இருந்த நான் சட்டியைக் கட்டிக்கொண்டேன். “இன்னாக்கா, கொயந்தய மேறி புட்சிகினு கீற?” என்றார் திரும்பிப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிடங்கு வாசலில் மூன்று கல் வைத்து, சவுக்குக் கட்டை மூட்டினாள். காசிமேட்டில் வாங்கிய சங்கரா மீன் தயாராக இருந்தது. எண்ணெய் காய்ந்தது, வெங்காயம் வதங்கியது. புளிக்கரைசலை ஊற்றினாள். உடனே ‘டிக்’கென்று ஒரு சத்தம்.

ரோஸ்லின் கரண்டியோடு அப்படியே நின்றாள். பாபு அண்ணன் குனிந்து நான்கு பக்கமும் பார்த்தார்.

“சவுக்கு வெட்ச்சிதுக்கா. சட்டி சொம்மா கல்லு மேறி கீது.”

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். பொறுப்பாளர் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அவரே கூடத்தின் நடுப்பீடத்தைக் காலி செய்யச் சொன்னார். சட்டியை அங்கே ஏற்றி வைத்ததும் ஒருவர் அதன் அடிக்கரியைத் துடைக்கத் துணியோடு வந்தார்.

“தொடைக்காதீங்க,” என்றாள் ரோஸ்லின். “அதுவும் நான் பூசின வர்ணம்தான்.”

கலையா, கைவினையா என்ற கேள்வியில் எனக்கும் குழப்பம் உண்டு. அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை. இந்த மாதிரிக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள் முதல் நாளே போங்கள், செய்தவர்களிடம் பேசலாம். ராயபுரத்துக்கு நேராகப் போவதென்றால் வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். வெயிலுக்குத் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

கூட்டம் கலைந்த பிறகுதான் ரோஸ்லின் இன்னும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. குழம்பு தீர்ந்திருந்தது. எல்லாருக்கும் போட்டது போக இருந்த மிச்சச் சோற்றைச் சட்டியில் கொட்டினேன். சுற்றிலும் சிற்பங்கள் நிற்க, நடுக்கூடத்தில் பீடத்தின் மேல் குனிந்து, அடியில் ஒட்டியிருந்ததைப் பிரட்டிப் பிரட்டிச் சாப்பிட்டாள் ரோஸ்லின்.