பீரங்கி அக்கா கழுவாமல் விட்ட கியர்பாக்ஸ்

என்னைத் திருடி என்று நாலு பேர் முன்னால் சொன்னவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். உழைப்பாளி, நியாயஸ்தி என்றெல்லாம் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடையில் எல்லோரும் அவளைப் பீரங்கி அக்கா என்போம். ரிமோட்டில் ஓடும் மாடல் டாங்கிகளை விற்கும் கடை அது. பொம்மை என்று வாய் தவறிச் சொன்னால் வாங்க வந்தவர் முறைப்பார். அத்தனை பேரும் மீசை நரைத்த ஆட்கள், விலையும் பொம்மை விலை இல்லை. அந்த டாங்கிகளின் பீரங்கி டப்பென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். அக்கா அடங்கமாட்டாள். பார்சல் கொண்டுவருபவர், பால்காரர், எங்கள் முதலாளி, யாராக இருந்தாலும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் தப்பியதில்லை. அவள் வீட்டுக்காரர் மட்டும் நேர்மாறு. காவலாளி வேலை, வாயைத் திறந்தால் கொட்டாவி விடத்தான்.

அவள் வேலை கியர்பாக்ஸ் பழக்குவது. டாங்கிக்குள் இடது சங்கிலிக்கு ஒன்று, வலது சங்கிலிக்கு ஒன்று என்று இரண்டு இரும்பு கியர்பாக்ஸ் இருக்கும். புதிதாக வரும்போது பல்லெல்லாம் பிசிறாக இருக்கும். எடுத்த எடுப்பில் தரையில் விட்டு ஓட்டினால் பல்லோடு பல் அரைத்து, அந்த இரும்புத் தூளையும் சேர்த்து அரைத்து, சீக்கிரமே நாசமாகிவிடும். அதனால் பீரங்கி அக்கா அவற்றைத் தன் வீட்டுச் சமையலறைக்கு எடுத்துப் போவாள். மூடியைக் கழற்றி, கம்பெனிக் கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டு, ஒரு மரக்கட்டையில் பூட்டி, சுமை எதுவும் இல்லாமல் மெதுவாகச் சுழல விடுவாள். கொஞ்ச நேரம் முன்னோக்கி, பிறகு சுவிட்சைத் திருப்பி அதே அளவு பின்னோக்கி. பல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. முன்னால் போகும்போது ஒரு பக்கம் உரசும், பின்னால் வரும்போது மறுபக்கம். இரண்டும் வழவழப்பானால்தான் வேலை முடிந்தது.

அதன்பின் கறுத்த எண்ணெயைக் கழுவிவிட்டு, பல் மேல் மட்டும் தூரிகையால் கிரீஸ் தடவுவாள், அச்சு முனைகளில் சொட்டு எண்ணெய். ஒருமுறை கடையில் அவசரத்துக்கு நான் தாராளமாகக் கிரீஸ் வைத்ததைப் பார்த்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறாயா என்று கேட்டு என் மானத்தை வாங்கினாள். முடிந்த ஒவ்வொன்றின் மூடியிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பாள். அந்தப் பொட்டுக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள்.

பொட்டு வைத்ததெல்லாம் உடைந்து திரும்பி வர ஆரம்பித்தபோதுதான் வினை ஆரம்பித்தது. எல்லோரும் ஒரே புகாரைச் சொன்னார்கள். முன்னால் நன்றாகப் போகிறதாம், பின்னால் எடுத்தால் கரகரவென்று சிக்கிப் பல் உடைகிறதாம். முதலாளி அக்காவை வரவழைத்து, கிரீஸும் கறுப்புத் தூளும் அப்பிக் கிடந்த ஒன்றை அவள் முன் வைத்தார். எதையும் கழுவிப் பார்க்காமல் பேசமாட்டேன் என்று பெருமை பேசுகிறவள் அன்று அதைக் கையில்கூட எடுக்கவில்லை. நேரே என்னைப் பார்த்தாள்.

"நான் பழக்குன பல்லு உடையாது. நல்லதைக் கழட்டி வெளியே வித்துட்டு, பழக்காத பச்சைப் பல்லை உள்ளே மாட்டி வச்சிருக்காங்க. அலமாரிச் சாவி யாருகிட்ட இருக்கு?"

கவுண்டரில் உட்கார்ந்து சரக்கு அலமாரியைப் பார்த்துக்கொள்வது என் வேலை, சாவி என் இடுப்பில் இருந்தது. கடையில் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். முதலாளி ஒரு கேள்வி கேட்கவில்லை, கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். நான் தெருமுனைக்குப் போவதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. அந்தத் தெருவில் எந்தக் கடையிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் விடு விடு என்றார். மாமியார் அன்றிலிருந்து தன் அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்தார். அந்தப் பூட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எரிந்ததெல்லாம் பீரங்கி அக்காவுக்கே போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில் என் வீட்டு மாடிப்படியில் வந்து நின்றாள், கையில் ஒரு துணிப்பை. உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அந்த வருடம் அவள் வீட்டுக்காரரை இரவுக் காவலுக்கு மாற்றியிருந்தார்கள். பகலில்தான் தூக்கம். கியர்பாக்ஸ் முன்னோக்கிச் சுற்றி முடிந்ததும் அவள் சுவிட்சைப் பின்னோக்கித் திருப்பி வைத்துவிட்டுச் சாமான் வாங்கப் போவது வழக்கம். பழகாத பக்கம் உரசும்போது அது கீச்சென்று அலறும். மனுஷன் எழுந்து வந்து சுவிட்சைப் பழையபடி முன்னோக்கித் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்வாராம். படியில் அவள் காலடி கேட்டால் எழுந்து திருப்பி வைத்துவிடுவாராம். நேரம் ஆகிவிட்டதென்று அவளும் வந்ததும் நிறுத்திவிடுவாள். முந்தின நாள் பணப்பையை மறந்து பாதி வழியில் திரும்பியவள், கதவுக்கு வெளியே சத்தம் மாறுவதைக் கேட்டாள். உள்ளே போனால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுவிட்சில் வைத்த விரலோடு திருதிருவென்று விழித்தாராம். அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி வந்ததில் ஒன்றைக் கடையிலிருந்து வாங்கிப் போய்க் கழுவிப் பார்த்தாள். பல்லின் ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது, மறுபக்கம் பிசிறு அப்படியே இருந்தது. யாரோ மாற்றிய பச்சைப் பல்லாக இருந்தால் இரண்டு பக்கமும் பிசிறாக இருந்திருக்கும்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். மாமியார் அலமாரியைப் பூட்டியது வரைக்கும் சொல்லித் திட்டினேன். எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவள் அத்தனையும் வாங்கிக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியபோது, உங்கள் வீட்டுக்காரரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவரையும் உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தால் கொஞ்சமாவது ஆறும் எனக்கு.

"ஒண்ணும் செய்யல. ஏன் சொல்லலேன்னு கேட்டேன். சொன்னா நீ கத்துவேன்னு பயமா இருந்துச்சுன்னாரு. அதுக்கப்புறம் எனக்குக் கத்த வரல." துணிப்பையைத் தூக்கிக் காட்டி, "நீ செருப்பைப் போடு. கடைக்குப் போகலாம். எங்கே சொன்னேனோ அங்கேயே சொல்றேன்" என்றாள்.

போனோம். கவுண்டரில் முதலாளியின் கொழுந்தியாள் உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் அந்தச் சாவி. அக்கா கழுவிய பற்சக்கரங்களைக் கண்ணாடி மேல் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் வீட்டுக்காரரை மறைக்கவில்லை, கழுவாமல் பேசியது தன் தப்பு என்றாள். முதலாளி அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பல்லைப் பார்த்து என்ன தெரிந்துவிடும், நீங்கள் இரண்டு பேரும் எப்போது கூட்டுச் சேர்ந்தீர்கள் என்று சிரித்தார். பழசைக் கிளறாமல் போங்கள் என்றார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு நான் வெறும் வாயால சொன்னேன், முதலாளி. கையில ஒரு அத்தாட்சி இல்ல. மறுபேச்சு இல்லாம நம்பி இவளை அனுப்புனீங்க. இன்னைக்கு அத்தாட்சியோட நிக்கிறேன். சொல்றது அதே வாய்தான். இப்ப ஏன் நம்பல?"

அவர் பார்வை கொழுந்தியாள் பக்கம் போனது. கொழுந்தியாள் சாவியை மெல்ல முந்தானைக்குள் தள்ளிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொழுந்தியாளை உட்காரவைக்க, அந்தக் கவுண்டர் நாற்காலி காலியாவதற்கு அவர் ஒரு சாக்குக்காகக் காத்திருந்திருக்கிறார். இத்தனை மாதமும் அவருக்குச் சேர வேண்டிய சாபத்தையும் சேர்த்து இவளுக்கே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவளுக்கு உரியது குறையவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது.

அன்று கத்தியது நான். நான் திருடவில்லை என்பதில் ஆரம்பித்து, அவர் செய்ததையெல்லாம் பேர் சொல்லிச் சொன்னேன். என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. பீரங்கி அக்கா போய்க் கடைக் கதவைத் தெருவெல்லாம் கேட்கட்டும் என்று அகலத் திறந்து, மூடிவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.