பால்கனியில் சிவப்புத் துண்டு

நாலாவது மாடியில் ஒரு மனைவி தினமும் சாயங்காலம் தன் புருஷனை அடிக்கிறாள் என்று முதலில் சொன்னவர், பத்திரிகை வேலையாக வெளிநாடு போய் நான் தங்கியிருந்த கட்டடத்து வாட்ச்மேன். விளக்குப் போடும் நேரத்துக்கு ஆண்குரலில் ஒரு விசும்பல் ஆரம்பிக்குமாம். மூன்றாவது மாடி வரைக்கும் கேட்குமாம். அப்புறம் ஸ்விட்சை அணைத்ததுபோல் நின்றுவிடுமாம். கீழே இஸ்திரி போடுகிறவரை விசாரித்ததில், அடிப்பது அளவு எடுக்கும் மரஸ்கேலால் என்ற கூடுதல் விவரம் கிடைத்தது. லிஃப்டில் வந்த ஒரு பெண்மணி, அந்தம்மாவின் கையைப் பார்த்தாலே தெரியும் என்றார். என்ன தெரியும் என்று கேட்டேன்.

"ஒரு வளையல்கூட கிடையாது. அடிக்கிறப்ப இடைஞ்சல்னு கழட்டி வெச்சிருக்கா."

இதற்குமேல் சாட்சி எதற்கு? என்னிடம் அடி குறைக்கவேண்டிய கால்சட்டை ஒன்று இருந்தது. இல்லாவிட்டாலும் குறைத்திருப்பேன். அந்தம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர் என்பதால், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனேன்.

கதவு ஒரு சாண் திறந்தது. தமிழில் பேசினேன். கதவு அரைச் சாண் ஆனது. நம்மூர் ஆளைப் பார்த்ததும் முகம் மலரும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு இது புது அனுபவம். காது, மூக்கு, கழுத்து எங்கும் பொட்டுத் தங்கம் இல்லாத மெலிந்த பெண். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். கால்சட்டையை வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அடிக்கிறவர்கள் இப்படிப் பயப்பட மாட்டார்கள்.

அதே கால்சட்டையை மூன்றாவது தடவை கொண்டுபோனபோது அது கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. அவருக்கும் நான் அரசாங்கத்து ஆள் இல்லை என்று நம்பிக்கை வந்திருந்தது. அரசாங்கத்து ஆள் இவ்வளவு கேவலமாக உடுத்த மாட்டான் என்று நினைத்திருக்கலாம். மெஷினை மிதித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார்.

புருஷன் ஒரு பேக்கிங் கம்பெனியில் கணக்காளர். காகிதத்தில் அப்படித்தான். உண்மையில் அவர் பாஸ்டர். ஊரிலிருந்து ஒரு சபை கைவைத்து ஜெபித்து அனுப்பிவைத்த மிஷினரி. அந்த நாட்டில் அவரவர் வீட்டுக்குள் அவரவர் கும்பிட்டுக்கொள்ளலாம். ஆள் கூட்டினால், பிரசங்கம் பண்ணினால், பெட்டியைக் கட்டவேண்டியதுதான். ஆற்றங்கரைப் பக்கம் இருந்த இன்னொரு மிஷினரி குடும்பத்தை ஒரே நாளில் விமானம் ஏற்றிவிட்டார்கள். அடுப்பில் வைத்த பாலை இறக்கக்கூட விடவில்லையாம். அந்தப் பால் இந்தம்மாவின் மனசில் இன்னும் பொங்கிக்கொண்டே இருந்தது.

அழுகை நிஜம். தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் பாஸ்டர் மண்டியிட்டு, சோபாவில் முகத்தைப் புதைத்து அழுவார். ஆத்துமாக்களுக்காக அழுகிறார் என்று அந்தம்மா முதல்நாள் சொன்னார். அடுத்த தடவை, லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அழுகிறார் என்றார். லிஃப்ட் மணி அடித்தால் அந்த வீட்டில் மூன்று பேரும் மெல்லுவதை நிறுத்துவார்கள். காலடிச் சத்தம் எதிர்வீட்டுக்குப் போனபிறகுதான் வாயில் இருப்பது உள்ளே இறங்கும்.

அந்தச் சபைக்காரர்களுக்கு நகை இல்லை, டிவி இல்லை, சினிமா இல்லை, சீட்டு இல்லை, சிரிப்பும் அளவோடுதான். சுவரில் பைபிள் வசனம் மாட்ட முடியாததால் பாஸ்டர் அதை எல்லாவற்றின் உட்பக்கமும் ஒட்டிவைத்திருந்தார். அலமாரிக் கதவின் உள்ளே ஒன்று, அரிசி டப்பா மூடியின் அடியில் ஒன்று, சர்க்கரை டப்பாவில் ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் ரகசிய ஜெபக் கூட்டத்துக்குப் பதினொரு பேர் ஒவ்வொருவராக வருவார்கள். வாசலில் செருப்பு குவிந்தால் தெரிந்துவிடும் என்பதால் எல்லாச் செருப்பும் வாஷிங் மெஷினுக்குள் போகும். ஒருதடவை அந்தம்மா மறந்துபோய் அதன் ஸ்விட்சைத் தட்டிவிட்டாராம். அன்றைக்குப் பிரசங்கம் முழுக்கக் குளியலறையில் யாரோ நடந்துகொண்டே இருந்ததாகச் சொன்னபோதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. குடும்ப ஜெபத்தின் முடிவில், சின்னவரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவரும் அன்றைக்குச் செய்த ஒரு தப்பை வாய்விட்டுச் சொல்லவேண்டும். சின்னவர் என்றால் அவர்களுடைய ஒரே மகள். இரண்டாம் வகுப்பு. வருகிறவர்கள் வைத்த பெயர் குட்டிப் பிரசங்கி. பொய் சொன்னால் நரகம் என்று அவளுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கற்றுக்கொடுத்துவிட்டு, யாராவது அவளைக் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

புருஷனுக்குத் தெரியாமல் அந்தம்மா ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தார். வருகிறவர்களில் ஒரு நர்ஸ் உண்டு. அவர் மூலம் மற்றவர்களுக்குச் சொல்லியாயிற்று: பால்கனியில் சிவப்புத் துண்டு தொங்கினால் யாரும் மேலே ஏறவேண்டாம். பாஸ்டரிடம் சொல்லியிருந்தால் அவிசுவாசம் என்பார். காக்கிற ஆண்டவருக்குத் துண்டு எதற்கு என்பார்.

ஒரு சனிக்கிழமை, பாஸ்டர் கம்பெனியில் வருஷக் கணக்கில் மாட்டிக்கொண்ட நேரத்தில், லிஃப்ட் நின்றது. காலடிச் சத்தம் எதிர்வீட்டுக்குப் போகவில்லை.

வந்தவர் வயசானவர். கழுத்தில் வெளிநாட்டவரைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தின் அட்டை. விசாரிக்கவேண்டும் என்றார். பால்கனிக் கதவை ஒட்டியிருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். தரையில் பாய் விரித்தாயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் முதல் ஆள் மணி அடிப்பார். துண்டு குளியலறையில் இருந்தது. டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போன அந்தம்மா, அவசரத்தில் சர்க்கரை டப்பா மூடியைத் தவறவிட்டார். அது உருண்டு கூடத்துக்குப் போய், நல்லவேளையாக வசனம் கீழே இருக்கும்படி விழுந்தது. அதிகாரி எடுத்துக் கொடுத்தார், திருப்பிப் பார்க்காமல்.

அந்தம்மா டீயை வைத்தார். அதிகாரி கோப்பையைத் தூக்கினார். குட்டிப் பிரசங்கி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாட்டு மொழியை அவள் பள்ளிக்கூடத்தில் சரளமாகப் பேசுவாள்.

"எங்க வீட்டுல ஜெபம் பண்ணாம யாரும் குடிக்க மாட்டோம். கண்ணை மூடுங்க அங்கிள்."

அந்தம்மாவுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. பேரப்பிள்ளை உள்ளவரோ என்னவோ, அதிகாரி கோப்பையை வைத்துவிட்டு நல்லபிள்ளையாகக் கண்ணை மூடினார். மகள் தமிழில் ஆரம்பித்தாள். அது அவருக்குத் தெரியாத மொழி.

"டீக்காக ஸ்தோத்திரம். பிஸ்கட்டுக்காக ஸ்தோத்திரம். புதுசா வந்த அங்கிளுக்காக ஸ்தோத்திரம்."

ஜெபத்தில் கண் திறப்பது அந்தம்மா பரம்பரையிலேயே கிடையாது. கல்யாணத்தை நடத்திவைத்த பாஸ்டர் நீண்ட ஜெபம் பண்ணியபோது மூக்குமேல் ஈ உட்கார்ந்திருந்தும் திறக்காத கண். அது இப்போது திறந்தது. வெறுங்காலோடு குளியலறைக்குப் போய்த் துண்டை எடுத்துக்கொண்டு, அதிகாரியின் முதுகுப்பக்கமாக வந்தார். பால்கனிக் கதவு இழுத்தால் கிறீச்சிடும். மகளோ ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் குரலை உயர்த்துவாள். ஒரு ஸ்தோத்திரத்துக்கு ஒரு விரல் அகலம் என்று கதவைத் தள்ளினார்.

"நர்ஸ் ஆன்ட்டியைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க. டிரைவர் அங்கிளைக் கூட்டிட்டு வாங்க. கால் வலிக்கிற தாத்தாவையும் கூட்டிட்டு வாங்க, லிஃப்ட் ரிப்பேர் ஆகக்கூடாது. ஒருத்தர்கூட விடாம எல்லாரும் இன்னிக்கு எங்க வீட்டுக்கு வரணும்."

மகள் வரவேண்டும் என்று கேட்ட ஒவ்வொருவரையும் வராதே, வராதே என்று அம்மா மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு மனு. மேலே உட்கார்ந்து கேட்கிறவருக்கும் தலை சுற்றியிருக்கும். துண்டு கொடியில் ஏறியது. ஆமென் சொல்லி முடித்தபோது அம்மா பழைய இடத்தில் கைகட்டி, கண்மூடி நின்றிருந்தார்.

"இவ்வளவு நேரம் என்ன சொன்னா குழந்தை?"

"டீக்கு நன்றி சொன்னா."

"ஆறிப்போச்சு," என்றார் அதிகாரி. ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தம்மாவின் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. புகார் வந்திருக்கு, கேட்டாகணும். உங்க வீட்டுக்காரரை நீங்க அடிக்கிறீங்களா?"

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"இல்லீங்க."

"அப்ப அழுறது யாரு?"

"அவர்தான்."

"ஏன்?"

"பயந்த சுபாவம்."

அன்றைக்கு அந்த வீட்டில் பேசப்பட்டதிலேயே கலப்படமில்லாத உண்மை அது ஒன்றுதான். அதிகாரி தலையாட்டிவிட்டு எழுந்தார். போய்விடவில்லை. கீழே வாட்ச்மேனோடு இருட்டும்வரை நின்று பேசினார். பதினொரு பேரும் தெருமுனைவரை வந்து, அண்ணாந்து பார்த்து, அப்படியே திரும்பிப் போனார்கள். துண்டு மட்டும் இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் அவர் கண்ணெதிரே படியேறியிருப்பார்கள்.

பாஸ்டர் வந்தார். காலிப் பாயைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. எல்லோரையும் பிடித்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டி, அன்றைக்கு நாலாவது மாடியே அதிர அழுதார். குடும்ப ஜெபத்தின் முடிவில் மகள் முறை வந்தது. அவள் தப்புச் சொல்லவில்லை. கேள்வி கேட்டாள்.

"நான் வேண்டிக்கிட்டேன்பா. ஒருத்தர்கூட வரல. ஏன் கேக்கல?"

"நம்மகிட்ட ஏதாவது பாவம் இருந்தா ஜெபம் தடைபடும் பாப்பா," என்றார் பாஸ்டர். அவர் தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் மகள் தன்னைத் தேட ஆரம்பித்தாள்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். போன வாரம் ஏன் வரவில்லை என்று பாஸ்டர் கேட்டதற்கு, நர்ஸ் சொல்லிவைத்திருந்தபடி ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அது மகளுக்குப் போதவில்லை. பக்கத்துப் பெண்ணின் ரப்பரை எடுத்ததைச் சொன்னாள். பாலைத் தொட்டியில் கொட்டியதைச் சொன்னாள். தினம் ஒன்றாகச் சொல்லி, கைவசம் இருந்த தப்பெல்லாம் தீர்ந்ததும் செய்யாத தப்புகளையும் சொல்லத் தொடங்கினாள். டீச்சரைக் கிள்ளினேன் என்றாள். விசாரித்தால் டீச்சருக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. பொய்யே சொல்லக்கூடாது என்று வளர்த்த பிள்ளை, மன்னிப்புக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. முகம் சுருங்கி, சோறு இறங்காமல், ஜெபத்தில் கண்ணை நெற்றி சுருங்க இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவளுக்கு அடுத்த முறை அம்மாவுடையது. ஒரு வாக்கியம் போதும்: நான்தான் வரவேண்டாம்னு துண்டைக் கட்டினேன். சொன்னால் மகளுக்குச் சோறு இறங்கும். புருஷனுக்குத் தெரிந்துபோகும், அடுத்த சனிக்கிழமை துண்டு இருக்காது. அந்தம்மா, ஊசியைத் தரையில் போட்டுவிட்டேன் என்பார். தையல் சாமான் கடையையே காலி பண்ணும் அளவுக்கு ஊசி போட்டாகிவிட்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றார். பத்திரிகைக்காரனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பேக்கிங் கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து, அவர்கள் வேறொரு நாட்டுக்கு வேறொரு மாடிக்குக் குடிபோன பிறகுதான் பேனாவை எடுத்தேன். வாட்ச்மேனுக்கு மட்டும் விஷயத்தைத் திருத்திச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அடியைத் தவிர அழுகைக்கு வேறு காரணம் இருக்கமுடியும் என்று அவர் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை.

போன வாரம் அந்தம்மா போனில் பேசினார். புது வீட்டில் லிஃப்ட் கிடையாதாம், படிதானாம். இன்னும் மோசம், நாலு மாடியும் ஏறி வருகிற ஒவ்வொரு காலடியையும் கேட்கவேண்டியிருக்கிறதாம். துண்டு அங்கேயும் வந்திருக்கிறது. பாப்பா எப்படி என்று கேட்டேன்.

"இப்பல்லாம் ரொம்ப நேரம் ஜெபம் பண்றா. யார் வரணும்னு மட்டும் கேக்கறதில்ல."

"துண்டைப் பத்தி அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

அந்தப் பக்கம் யாரோ படியேறும் சத்தம். அது எங்கே நிற்கும் என்று அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கடந்து போயிற்று.

"இன்னிக்குச் சொல்லணும்ணே," என்றார்.