சீக்கிரம் வந்ததற்கு அபராதம்

வேகமாகப் போனால் பின் சீட்டுக்காரர் திட்டுவார், மெதுவாகப் போனால் முன் சீட்டுக்காரர் திட்டுவார். வாடகைக் கார் ஓட்டிய உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் சித்தூர் பக்கம் குடிபாலாக்காரன். திருப்பதியில் ஒரு டிராவல்ஸில் ஒன்பது வருஷம் ஓட்டினேன். ஊரில் பாதிப் பேர் பெங்களூருக்கும் குவைத்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஓரிடத்தில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும் ஜாதி நான். எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? குவைத்தில் டிரைவர் வேலை ஒன்று இருப்பதாகச் சித்தூர் ஏஜெண்ட் சொன்னார். நல்ல டிரைவர் என்று ஓனரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் போதுமாம். அங்கேதான் சிக்கல். திருமலை மலைப்பாதையில் மூன்று முறை அபராதம் வாங்கியவனுக்குக் கடிதம் கிடையாது என்பது எங்கள் ஓனரின் சட்டம். நான் ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தேன்.

சீனுவின் மொழிபெயர்ப்பு

ஞாயிறு மத்தியானம் சவாரி இல்லாத டிரைவர்கள் எல்லோரும் ஷெட்டில் உட்கார்ந்து டிவியில் கார் பந்தயம் பார்ப்போம். வர்ணனை முழுக்க இங்கிலீஷ். அதை எங்களுக்கு எடுத்துச் சொல்வது சீனு. நகரியில் பவர்லூம் ஓட்டிவிட்டு ஸ்டியரிங் பிடிக்க வந்தவன். தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் சாதாரணமாகப் பேசினாலும் சண்டை போடுவது போலிருக்கும். இங்கிலீஷ் எங்களுக்குத் தெரிந்த அளவுதான் அவனுக்கும் தெரியும்.

வர்ணனையாளர் மூச்சு விடாமல் இரண்டு நிமிஷம் பேசினால், டயர் தேய்ந்துவிட்டதாம் என்பான். இரண்டு பேர் சேர்ந்து கூச்சல் போட்டாலும் தேய்ந்தது டயர்தான். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நேரம் பேசுகிறார்களே, வேறு ஒன்றுமே சொல்லவில்லையா என்று கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டிக்கினு கீறான்ணா, தெரியாதவன் பேசிக்கினு கீறான். அதைப் போயி இன்னாத்துக்குக் கேட்டுக்கினு."

பெல்ட்

இன்னொரு ஞாயிறு, பந்தயக் கார் ஒன்று சுவரில் மோதித் துண்டு துண்டாகப் போனது. எங்கள் கையில் டீ ஆறிப்போயிற்று. உள்ளே இருந்த டிரைவர் மெல்ல எழுந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, நடந்தே போனார். அடுத்த ஒரு வாரம் ஷெட்டில் இதே பேச்சு. தோளையும் இடுப்பையும் பிடித்த பெல்ட்தான் காப்பாற்றியது என்றான் ஒருவன். இல்லை, கழுத்துக்குக் கொடுத்த தாங்கி என்றான் இன்னொருவன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் வண்டி பெல்ட்டில் நான் துண்டு காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நகரியிலிருந்து ஏர்பேட்டுக்குக் கல்யாண சவாரி. துண்டை எடுத்துவிட்டு முதன்முதலாக பெல்ட்டை மாட்டினேன். பின் சீட்டில் பெல்ட் கிடையாது. ஒரு காலை வண்டிக்குள் வைத்த பெண்வீட்டு அம்மா, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அடிபடாமல் இருக்கத்தான் இது என்று விளக்கினேன். அது அவருக்கு இன்னும் கலக்கமாகப் போய்விட்டது. "நீ கட்டிக்கினு பொழைச்சிக்குவ, நாங்க எதைப் புடிச்சிக்கினு வர்றது?"

கடைசி வளைவு

திருமலையிலிருந்து இறங்கும்போது மேலே நேரம் குறித்து ஒரு சீட்டு கொடுப்பார்கள். இத்தனை நிமிஷத்துக்கு முன்னால் கீழே அலிபிரி கேட்டுக்கு வந்துவிட்டால், வேகமாக வந்திருக்கிறாய் என்று அபராதம். அதனால் நாங்கள் வேகமாகவே இறங்கி, கேட்டுக்கு முந்தின வளைவில் ஓரம் கட்டி, மிச்ச நேரத்தைக் கழிப்போம். நீங்களும் செய்திருப்பீர்கள், மறைக்க வேண்டாம்.

ஒருநாள் முன் சீட்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினீயர். என்னைப் போலவே பந்தயப் பைத்தியம். முந்தின வாரப் பந்தயத்தில் ஒரு டிரைவர், டயர் மாற்றும் சந்தில் வேகமாகப் போனதற்குத் தண்டனை வாங்கித் தோற்றிருந்தார். நியாயமான தண்டனை என்றார் இன்ஜினீயர். அநியாயம் என்றேன் நான். வாதம் சூடாகிக் காலும் அழுந்திவிட்டது. கடைசி வளைவுக்கு வந்து பார்த்தால் ஆறு நிமிஷம் பாக்கி.

ஓரம் கட்டினேன். சீனுவின் வண்டியும் பின்னால் வந்து நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறங்கினேன், டயரை உதைத்தேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கும்போது சீனு வண்டியைக் கிளப்பி என்னைத் தாண்டினான். நம்மை முந்திவிட்டானே என்றார் இன்ஜினீயர். அவ்வளவுதான். கடிதம், குவைத் எல்லாம் மறந்துபோய், ஹாரன் அடித்து சீனுவைத் தாண்டி, கேட்டில் முதல் ஆளாகப் போய் நின்றேன். சீட்டைப் பார்த்த ஊழியர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். "இங்க ஃபஸ்ட் வந்தா கப்பு தர்றதில்லப்பா."

ரேணிகுண்டா பிளாட்பாரம்

ஓனர் கடிதம் தரவில்லை. நிதானமாக நேரத்துக்கு வந்து சேர்ந்த சீனுவுக்குத் தந்தார். ஏஜெண்ட் அவனையே குவைத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஒரு மாதம் நான் அவனோடு பேசவில்லை. வயிறு எரிந்தது என்பதை ஒளிப்பானேன்?

அவன் கிளம்பும் நாளில் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குச் சவாரி எனக்கே விழுந்தது. பிளாட்பாரத்தில் சென்னை ரயில் வந்து நின்றதும் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். என் கணக்கில் இரண்டு அபராதம் இருப்பது தெரிந்தும், வேண்டுமென்றே எதற்கடா முந்தினாய் என்றேன். சீனு பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்: "நான் எங்கணா முந்தினேன்? வண்டியில கைக்கொழந்த வெயில் பட்டு அழுதுக்கினு இருந்துச்சி, நெழலாண்ட நவுத்தி நிறுத்தினேன்."

வேறு யாருமே ஓடாத பந்தயத்தில் முதலாவதாக வந்து, அதற்கு அபராதமும் கட்டி, குவைத்தையும் கோட்டை விட்ட டிரைவர் உங்களில் இன்னொருவர் இருந்தால், தயவுசெய்து எனக்கு முன்னால் போங்கள், நான் ஹாரன் அடிக்க மாட்டேன்.