ஊட்டிவிட வந்த தங்கை

1984 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு இருபது. காலையில் தூறிவிட்டு நின்றிருந்தது. காற்றில்லை, வில்லாபுரம் முழுக்கப் புழுக்கம். பக்கவாதத்தில் வலது கை விழுந்த என் மனைவி, ஏழு வாரத்துக்குப் பிறகு தானாகச் சோறு அள்ளிக்கொண்டிருந்தாள். தட்டு நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி. அவளைப் பார்த்துக்கொள்ள நாங்கள் சம்பளத்துக்கு வைத்திருந்த வாடிப்பட்டிப் பெண், ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உதவியாக இருந்தவள், முழங்கையை மட்டும் தாங்கியிருந்தாள். பதினோரு தடவை கை எழுந்தது. நான்கு தடவைதான் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சமெல்லாம் மடியில். இப்போது புழங்காவிட்டால் அந்தக் கை அப்புறம் வராது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சிந்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கொட்டாம்பட்டியிலிருந்து என் தங்கை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"ஏண்ணே, ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் உக்காந்து வேடிக்கை பாக்குறீக! மதினிக்கு ஒரு வாய் ஊட்டிவிட ஆளில்லையா?"

"ஊட்டக் கூடாதுத்தா. கை பழகணும்."

"கை பழகுறதுக்குள்ள வயிறு காஞ்சு போகும். நீ நகரு பிள்ள."

வாடிப்பட்டிப் பெண் நகர்ந்தாள். தட்டு தங்கையின் கைக்குப் போனது. மனைவி கண்ணீரும் விட்டாள், வாயும் திறந்தாள். வலது கை மடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

தங்கை நான்கு நாள் தங்கினாள். பல் தேய்த்துவிட்டாள், தலை சீவிவிட்டாள், தண்ணீர் டம்ளரைக்கூட வாயில் வைத்துப் புகட்டினாள். மனைவிக்கு அது பிடித்திருந்தது; அதுதான் என்னைக் குடைந்தது. புதன்கிழமை கையைத் தூக்கச் சொன்னால் விரல்கள் மூடியபடியே கிடந்தன.

"நீங்களே சொல்லிருங்கய்யா," என்றாள் வாடிப்பட்டிப் பெண். "நான் சொன்னா, சம்பளத்துக்கு வந்தவளுக்கு எம்புட்டு வாயின்னு கேப்பாக."

நயமாகப் பேச எனக்கு எந்த நாளும் வந்ததில்லை. "நீ ஊருக்குக் கெளம்பு. நீ இருந்தா அவ கை வராது," என்றேன்.

"அண்ணன் வீட்டுல நாலு நாள் தின்னது பாரமாப் போச்சாக்கும்!" பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

மனைவி அன்று என்னோடு பேசவுமில்லை, சாப்பிடவுமில்லை. மறுநாள் மதியம் ஈரத்துணியை அவளே தட்டுக்கடியில் இழுத்துப் போட்டாள், இடது கையால்.

கார்த்திகை நெருங்கியபோது சொன்னாள்: "போய் அவளைக் கூட்டிட்டு வாங்க. நான் தின்னுறத அவ பாக்கணும்."

வெறுங்கையோடு அந்த வாசலை மிதிக்க முடியுமா? சேலை எடுத்துக்கொண்டு போனேன். திட்டு வாங்கினேன், பிறகு அவள் வந்தாள். மனைவி தானாக அள்ளிச் சாப்பிட, தங்கை எதிரே உட்கார்ந்து, தன் கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"மதினி, மோவாயில பருக்கை ஒட்டிருக்கு."

"தெரியுது. நானே தொடைச்சுக்கிருவேன்."

துடைத்துக்கொண்டாள், வலது கையால்.

சேலை நூற்று முப்பத்தெட்டு, பூவும் பழமும் ஆறு, பஸ்ஸுக்குப் போக ஒன்றும் வர இரண்டுமாகப் பன்னிரண்டு அறுபது. மொத்தம் நூற்று ஐம்பத்தாறு ரூபாய் அறுபது காசு.