மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு வந்த பாட்டு

“நீங்க நல்லா ஒப்பிக்கிறீங்க. ஆனா உங்க வீட்ல ஒரு தடவையாவது இத மாட்டிப் பாத்திருக்கீங்களா?”

எங்கள் ஆபீசில் டெஸ்டிங் அறையின் சீனியர் இப்படிக் கேட்டபோது அவர் குரலில் ஏளனம் எதுவும் இல்லை. அதனால்தான் அதிகமாக உறைத்தது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்காக பெங்களூர் வந்தவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவர் அறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதைக் கேட்கத்தான் போயிருந்தேன்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை வயர் இழுக்காமல் ஹாலில் உள்ள ஸ்டீரியோவில் கேட்பதற்கு ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி அப்போது புதிதாக வந்திருந்தது. ஸ்டீரியோவின் பின்னால் அதைச் சொருகிவிட்டால், கம்ப்யூட்டர் அனுப்புவதை அது காற்றிலிருந்து வாங்கிக்கொள்ளும். இங்கிலாந்தில் அதை வாங்கியவர்கள் வீட்டில் பாட்டு வராவிட்டால் எங்கள் ஆபீசுக்குப் போன் வரும். மதியத்திலிருந்து இரவு வரை அந்தப் போன்களை எடுப்பதுதான் என் வேலை. அவர்கள் வாயில் சுலபமாக நுழைகிற வேறு பெயர் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காற்றலையைத் தடுக்கக்கூடியவை பற்றி எழுதிக் கொடுத்த கேள்விகளை வரிசையாகக் கேட்பேன். பக்கத்தில் மைக்ரோவேவ் இருக்கிறதா, கார்ட்லெஸ் போன் இருக்கிறதா, மீன் தொட்டி இருக்கிறதா. மைக்ரோவேவை ஆபீஸ் கேன்டீனில் பார்த்திருந்தேன். மீன் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்குள் போனதே இல்லை.

இரண்டாவது வருடத்தில் என் தாடை வலிக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வந்தால், தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டுவேன். இப்படியே இன்னும் எத்தனை நாள் என்று நினைத்தால் அந்த நினைப்பே அசதியாக இருந்தது. ஆனாலும் ஒப்பிக்கிறாள் என்று ஒருவர் சொன்னதைத் தாங்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் படித்து, இங்கிலீஷைத் தனியாகப் பிடித்து, அந்த நாற்காலிக்கு வந்தவள். இன்னும் மாட்டிப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் தலையசைத்தார்.

“வீட்ல மாட்டுங்க. ஒரு வாரம் ஓட்டுங்க. என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க. அப்பறம் சீட்டப் பத்திப் பேசலாம்.”

யாரோ திருப்பி அனுப்பிய பெட்டி ஒன்றை ஊழியர் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெங்களூரில் அடுகோடி பகுதியில் எங்களுடையது லைன் வீடு. கீழே ஓர் அறையும் சமையலறையும். மாடியில் ஷீட் போட்ட சின்ன அறை எனக்கு. என் கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. அப்பாவின் ஸ்டீரியோ கீழே, பீரோவுக்குப் பக்கத்தில். பொம்மசந்திரா ஃபேக்டரியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டி ஓட்டி அவருக்குச் சின்னச் சத்தம் காதில் விழுவதில்லை. ஒரு தீபாவளி போனஸில் இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டோடு அதை வாங்கினார். அவருடைய சீடிகள் கீறல் விழுந்து போவதற்குள் எல்லாப் பாட்டையும் என் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். மாடியிலிருந்து கீழே வயர் இழுக்க வேண்டுமானால் சுவரில் துளை போட வேண்டும். காலண்டர் மாட்ட ஆணி அடித்தாலே வீட்டு ஓனர் வந்து கன்னடத்தில் ஒரு மூச்சு பேசிவிட்டுத்தான் போவார்.

ஞாயிறு மதியம் மாட்டினேன். போனில் ‘ரொம்பச் சுலபம் சார்’ என்று நான் சொல்லும் இடத்தில்தான் எனக்கே சிக்கியது. படியில் ஏறி இறங்கிக் கால் ஓய்ந்த பிறகு பாட்டு வந்தது. அப்பா எழுந்து போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா பெட்டியின் தலையில் மஞ்சள் தொட்டுக் குங்குமம் வைத்தாள். விலையுள்ள எது வீட்டுக்குள் வந்தாலும் அதற்கு ஒரு பொட்டு உண்டு.

அப்பாவுக்குக் காலை ஷிப்ட். அவர் கிளம்பும்போது நான் தூங்குவேன், நான் திரும்பும்போது அவர் தூங்கிவிடுவார். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் பேசிக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அவர் வீடு திரும்பும் நேரத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று மதியம் கிளம்பும் முன் வரிசையாகப் போட்டுவிட்டுப் போனேன்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்து, பாட்டு வருகிறதா என்று அப்பாவிடம் கேட்டேன்.

“வருது, நின்னுடுது, திரும்ப வருது. மூட்ட தூக்கினு படி ஏர்றவன் பாட்ற மாதிரி கீது.”

மறுநாள் காலையில் நானே போட்டுக் கேட்டேன். ஒரு தடங்கலும் இல்லை. மாலையில் போன் செய்தால் அதே பதில். பெட்டியை மறுபடி முதலிலிருந்து அமைத்தேன், கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரம் நகர்த்தினேன். காலையில் நன்றாகப் பாடியது, மாலையில் மூச்சு வாங்கியது. அந்த வாரம் முடிந்தால் சீனியரிடம் என்ன சொல்வது? மாட்டத் தெரியாதவள் என்று அவர் நினைத்தால் இதே போன், இதே கேள்விகள்தான். வேறு வழி தெரியாமல் ஒரு மாலை போனில் அப்பாவிடமே அந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தேன்.

“பக்கத்துல வேற போன் எதுனா இருக்காப்பா?”

“இல்ல.”

“மீன் தொட்டி மாதிரி?”



“ஏம்மா, நம்ம வூட்ல மீனு கொழம்புலதான் கீது. நான் இன்னா உன் கஸ்டமரா?”

“சரி, பெட்டில பச்ச லைட் எரியுதான்னு மட்டும் பாருப்பா.”

“அது எப்படித் தெரியும்? அத உங்கம்மா பீரோவுல இல்ல வச்சிட்டுப் போறா.”

நான் கிளம்பிய பிறகு அம்மா கோரமங்களாவில் ஒரு அபார்ட்மென்டுக்குச் சமையல் வேலைக்குப் போவாள். எங்கள் லைனில் ஒரு வீட்டில் வீசிடி பிளேயர் திருடு போயிருந்தது. அதனால் தினமும் போகும் முன் பெட்டியை இரும்பு பீரோவுக்குள் வைத்து, வயர்களைக் கதவிடுக்கில் வெளியே விட்டு, கைப்பிடியைப் பழைய புடவைக் கிழிசலால் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். வேலை முடிந்து வந்ததும் எடுத்து மறுபடி ஸ்டீரியோ மேல் வைத்துவிடுவாள். ரேஷன் கார்டு, என் மார்க் ஷீட்டுகள், வெள்ளிக் கொலுசு எல்லாம் இருக்கும் தட்டில்தான் அந்தப் பெட்டியும் இருந்தது. சுற்றிலும் அலையைத் தடுக்கும் இரும்பு. அந்தக் கதவிடுக்கு வழியாக இவ்வளவு பாட்டு வந்ததே அதிகம்.

மறுநாள் காலை அம்மாவிடம் கேட்டேன்.

“அவ்ளோ காசு போட்டு வாங்கினத வெளிய வச்சிட்டு நான் எப்படி வேலைக்குப் போறது? பாட்டு வரட்டும்னுதான் பூட்டாம உட்டேன்.”

வாதாடத் தெம்பில்லை. அவள் சொன்னதில் தப்பும் இல்லை. பெட்டியை பீரோவின் மேல், பழைய சூட்கேஸுக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி வைத்தேன். அம்மா வாசலுக்குப் போய் நின்று பார்த்துவிட்டுச் சரி என்றாள். அன்றிலிருந்து பாட்டு தடங்கல் இல்லாமல் வந்தது.

வாரம் முடிந்ததும் சீனியரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எங்கள் வீட்டைக் கொஞ்சம் நாகரிகமாக மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மாற்றவில்லை.

“பீரோவுக்குள்ள யாருங்க வைப்பாங்க?” என்றார்.

“எங்க வீட்ல வைப்பாங்க சார். அடுத்து இத இங்கயும் விக்கப் போறதா சொல்றாங்க. நாம மீன் தொட்டியக் கேக்கறோம். பீரோவ யாரும் கேக்கல.”

அவர் சிரிக்கவில்லை. தன் அம்மா டிவி ரிமோட்டை பீரோவில் வைத்துத்தான் கோயிலுக்குப் போவார் என்றார். பிறகு காலையில் சரியாக இருந்தது ஏன், மாலையில் கெட்டது ஏன், அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று வெகுநேரம் துருவினார். கடைசியில் நிபந்தனைகளைச் சொன்னார். மூன்று மாதம் பார்ப்பார்கள். பகல் வேலை என்பதால் ஷிப்ட் அலவன்ஸ் கிடையாது. சரிவரவில்லை என்றால் என் பழைய இடமும் இருக்காது.

வீட்டில் சொன்னபோது, நிலையாக வரும் சம்பளத்தை எதற்கு விடுகிறாய் என்று அப்பா கேட்டார். அம்மா, இனி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாயா என்று மட்டும் கேட்டாள். இருப்பேன் என்றேன். பெரிய சந்தோஷம் எதுவும் எனக்குள் எழவில்லை. நன்றாகத் தூங்க வேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை, டெஸ்டிங் அறைக்கு மாறுவதாக ஷிப்ட் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். திங்களிலிருந்து எனக்காக அடுகோடியில் நிறுத்த வேண்டாம் என்று ஆபீஸ் வண்டி டிரைவரிடம் சொன்னேன். சனிக்கிழமை காலை வரிசையில் நின்று பஸ்ஸுக்கு மாதப் பாஸும் எடுத்துவிட்டேன்.