மனுசனுக்குன்னா வேற கயிறு

கயிறு வாங்கப் போன இடத்தில் எனக்குப் பேச்சு நின்றுபோனது. முப்பது வருஷம் வகுப்பறையில் கத்திக் கத்தியே ரிட்டையர் ஆனவள் நான்... எனக்கே!

போன செவ்வாய்க்கிழமை காலை. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிறு வெயிலில் இற்று அறுந்து, என் வீட்டுக்காரரின் இரண்டு வேட்டிகளும் பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் போய் விழுந்தன. ஊற வைத்த துணியை அப்படியே பக்கெட்டில் போட்டுவிட்டு, கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அஞ்சலையின் கயிற்றுக்கடைக்குக் கிளம்பினேன்.

அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயசுதான். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டை கட்டக் கயிறு வாங்க வருகிறவர்கள், மாட்டுக்காரர்கள், டிராக்டர்காரர்கள் – யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். ‘எதுக்கு?’ பதில் சொன்னால்தான் கயிறு கைக்கு வரும்.

பல வருஷம் முன்னால் ஒருத்தர் வாயே திறக்காமல் நாலு முழம் நைலான் கயிறு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அவர் வீட்டு வாசலில் சாவுப் பந்தல். அன்றிலிருந்து காரணம் சொல்லாதவர்களுக்கு அஞ்சலை கயிறு விற்பதில்லை. ‘யாவாரம் கம்மியானா ஆவட்டும் டீச்சர், எனக்கு ராத்திரி தூக்கம் வரணும்’ என்பாள்.

நான் போய் நின்றபோது ஒரு பைக்கில் கணவன் மனைவி வந்து இறங்கினார்கள். இருவருக்கும் முப்பத்தைந்து வயசு இருக்கும். அவன் ஆள் வாட்டசாட்டம், பெரிய மீசை. அவள் ஒல்லி. கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. தையற்காரி போல... கழற்ற மறந்து அப்படியே கிளம்பி வந்துவிட்டாள்.

கயிறு பார்த்தது அவள்தான். எப்படிப் பார்த்தாள் தெரியுமா? தேங்காய் நார்க் கயிற்றை எடுத்து மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்து, முகத்தைச் சுளித்தாள். சணல் கயிற்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்! கயிறு வாங்குகிறவர்கள் யாராவது அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்களா?

‘எதுக்கு?’ என்றாள் அஞ்சலை.

‘மாட்டுக்கு’ என்றான் மீசைக்காரன்.

‘இன்னா மாடு?’

‘க... கறவ மாடு.’

‘எத்தினி ஈத்து, எத்தினி தபா கன்னு போட்டுச்சு?’

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

‘ரெண்டு... இல்லீங்க, கன்னுக்குட்டி அது.’

கறவை மாடு கண்ணெதிரே கன்றுக்குட்டி ஆகிவிட்டது. அஞ்சலை அந்தப் பெண்ணின் கையிலிருந்த கயிற்றை வாங்கி ஆணியில் திரும்ப மாட்டினாள்.

கயிற்றைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பெண் கையை நீட்டினாள் பாருங்கள், அப்போதுதான் கவனித்தேன். வளையலுக்குக் கீழே மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். இன்னொரு கையிலும் அதே மாதிரி!

இந்தப் பெண்ணை யாரோ கட்டிப் போட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ... பக்கத்தில் நிற்கிறானே இந்த மீசைதான்! கட்டிப் போட்டது போதாதென்று இவளையே அழைத்து வந்து கயிறு வேறு வாங்குகிறானா, பாவி?

இந்த மாதிரி நேரத்தில் சும்மா இருக்க எனக்கு வராது. அவள் முழங்கையைப் பிடித்துக் கடையின் ஓரத்துக்கு இழுத்துப் போனேன்.

‘பயப்படாதம்மா. மகளிர் ஸ்டேஷனுக்கு நான் கூட வர்றேன். இப்பவே போலாம், வா.’

‘எதுக்குங்க?’ என்று மிரண்டாள்.

‘கையில இது என்ன?’

அவள் முகம் சிவந்துவிட்டது. இன்ச் டேப்பின் நுனியைச் சுருட்டினாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

‘அவுரு மேல ஒண்ணும் தப்பில்லீங்க. நான்தான் கட்டச் சொன்னேன்.’

‘என்னது?’

‘எனக்குப் புடிக்கும். அவுருக்கும் புடிக்கும். கல்யாணமாயி எட்டு வருசம் ஆவுது. எங்க வூட்ல, எங்க ரூம்புல... இதுக்குப் போயி ஸ்டேஷனுங்களா?’

எனக்குக் காதுக்குள் ‘கொய்ங்’ என்றது. இந்தச் சமாசாரம் டிவியில் ஏதோ இங்கிலீஷ் படத்தில் வந்தபோது, ரிமோட்டைத் தேடி சோபாவையே புரட்டிப் போட்டவள் நான். அது கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து பைக் ஏறி வந்து, கழுத்தில் இன்ச் டேப்போடு என் முன்னால் நிற்கும் என்று கனவா கண்டேன்?

அஞ்சலைக்குப் பாம்புக் காது. எல்லாம் விழுந்துவிட்டது. விளக்குமாற்றை எடுத்து இருவரையும் விரட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

‘அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?’ என்றாள் அவள். ‘மனுசனுக்குன்னா வேற கயிறு.’

நான் அங்கிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

‘எதுல கட்டுன?’ – இது மீசையிடம்.

‘கொடிக்கயிறுங்க. நைலானு.’

‘இன்னா முடிச்சு?’

அவன் கரும்பு சீசனில் டிராக்டர் ஓட்டுகிறவனாம். தலையைச் சொறிந்தான். ‘எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதாங்க... லோடு கட்டுற முடிச்சு.’

அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள். லோடு முடிச்சு என்றால் என்ன தெரியுமா? குண்டும் குழியுமான ரோட்டில் டிராக்டர் ஆட ஆட, அது இறுகிக்கொண்டே போகும். ஆலை வாசல் வரைக்கும் ஒரு கரும்புகூட உதிராது. அதைக் கொண்டுபோய்ப் பெண்டாட்டியின் கையில் போட்டிருக்கிறான்!

‘கொஞ்சம் அசைஞ்சேன், இறுகிக்கினே போச்சு. அவுக்க வரல’ என்றாள் தையற்காரி. ‘கத்திரிக்கோலத் தேடி எடுக்கறதுக்குள்ள இவுரு அழுவறாரு...’

‘வெரலு மரத்துச்சா?’ அஞ்சலையின் குரல் மாறியிருந்தது.

‘இந்தக் கட்ட வெரலும் பக்கத்து வெரலும் அஞ்சு நாளா மரத்தாப்லயே இருக்குதுக்கா. ஊசில நூல் கோக்க முடியல. கல்யாண ஜாக்கெட்டு ரெண்டு அப்டியே கெடக்குது.’

‘டாக்டராண்ட காட்னியா?’

‘எப்டி ஆச்சுன்னு கேட்டா இன்னான்னு சொல்றது?’

அதுவரை எனக்கு அதிர்ச்சி மட்டும்தான். இப்போது பயமாகிவிட்டது. ஒரு தையற்காரிக்கு விரல் போனால் அப்புறம் என்ன மிச்சம்? வெட்கத்துக்குப் பயந்து ஐந்து நாளாக அந்தக் கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஸ்டேஷனுக்கு இழுக்கப் பார்த்த என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அஞ்சலை உள்ளே போய், தொட்டில் கட்ட விற்கும் வெள்ளைப் பருத்திக் கயிற்றை எடுத்து வந்தாள். விரல் தடிமன் இருக்கும்.

‘நைலானு வழுக்கும், ஆனா முடிச்சு வுழுந்தா கல்லு. சரக்குனு இழுத்தா தோலச் சுட்டுரும். தேங்கா நாரு அறுக்கும். சணல்ல சிலும்பு ஜாஸ்தி. இத வாங்கினு போயி வெந்நீர்ல ரெண்டு தபா அலசிக் காயப் போடு, மெத்துனு ஆயிரும். மொதல்ல கை சரியாவட்டும், அப்பறம்தான் எல்லாம்.’

மீசைக்காரன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

‘கொட்டாய்ல மாட்டுக்குப் போடற முடிச்சு தெரியுமில்ல? தீப்புடிச்சா ஒரே இழுப்புல அவுந்து மாடு வெளிய ஓடணும். அதப் போடு. கயித்துக்கும் கைக்கும் நடுவுல ரெண்டு வெரலு போவணும். கத்திரிக்கோலு பக்கத்துலயே இருக்கணும். கழுத்தாண்ட மட்டும் கயிறு போவவே கூடாது... வெளையாட்டுக்குக்கூட.’ இதைச் சொல்லும்போது அவன் கண்ணையே பார்த்தாள். அந்த நாலு முழம் நைலான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

‘மாட்டக் கட்டிட்டு டீ குடிக்கப் போற மாதிரி எழுந்து பூடாத. கூடவே இரு. இறுக்குதா, இறுக்குதான்னு கேட்டுக்கினே இரு. போதும்னு சொன்னா அவுத்துடு. ஏன் எதுக்குன்னு கேக்காத.’

ஏன் எதுக்கு என்று ஊரையே கேட்டுக் குடைகிற அஞ்சலை சொல்கிறாள்!

நேராக அவர்களை எனக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்னப் பெண். ஏதாவது கதை சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், தையற்காரி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். டாக்டர் நிமிரக்கூட இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக ஊசியால் தொட்டுப் பார்த்தாள். நரம்பு அழுந்தியிருக்கிறது, சில வாரத்தில் சரியாகிவிடும், ஆனால் கட்டு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்திருந்தால் சொல்ல முடியாது என்றாள். மருந்துச்சீட்டை நீட்டிவிட்டு, ‘நைலான் வேணாம்மா, காட்டன் யூஸ் பண்ணுங்க’ என்றாள்.

ஊரில் எனக்கு மட்டும்தான் ஒன்றுமே தெரியாது போலிருக்கிறது!

பத்திரிகைக்கு அவ்வப்போது எழுதுகிறவள் நான் என்று வழியிலேயே சொல்லியிருந்தேன்; வெளியே வந்ததும் தையற்காரி என் கையைப் பிடித்தாள். ‘எழுதுங்க டீச்சர். பேரு மட்டும் போடாதீங்க. எங்கள மாதிரி எத்தினி பேரு கேக்க ஆளில்லாம கொடிக்கயித்த எடுத்துக்கினு இருக்காங்களோ.’ அதனால்தான் எழுதுகிறேன்.

திரும்பப் போய் என் கயிற்றைக் கேட்டேன். ‘எதுக்கு?’ என்றாள் அஞ்சலை. ‘து... துணி காயப்போட!’ என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் மனசுக்குள். இறுக்குதா? கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில், என் வீட்டுக்காரர் எந்தச் சட்டை போட வேண்டும், யாரிடம் பேச வேண்டும், எத்தனை மணிக்கு வீடு வர வேண்டும் என்று எல்லாவற்றையும் நான்தான் முடிவு செய்கிறேன். ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேவிட்டேன். ‘என்னங்க... நான் உங்களை ரொம்ப இறுக்குறேனா?’

அவர் பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ‘உட்காரு’ என்றார்.

அன்றைக்குத் துணி சாயந்திரம் வரை பக்கெட்டிலேயே கிடந்தது.