ஒரு சிட்டிகை மஞ்சள்

அம்சத்துக்குக் குடவாசல் பக்கம். நடவு வேலையிலிருந்து வந்தவர். ஆறு வருடமாகத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒப்பந்த உதவியாளர். அக்டோபர் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள்.

அங்கே ஆராய்ச்சி மாணவி ரிஃப்கா, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து இறால் ஓட்டைச் சாக்கில் கொண்டுவருவாள். அம்சம் அலசி, மாடியில் காயவைத்து, காக்கை விரட்டி, பொடித்துக் கொடுப்பார். கட்டடமே மூக்கைப் பொத்திக்கொள்ளும். அந்தப் பொடியிலிருந்து ரிஃப்கா எடுப்பது கைட்டோசான் என்ற பாலிமர். செல்லுக்குள் நல்ல ஜீனைக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். வைரஸை வண்டியாக்கினால் உடம்பு சிலசமயம் முரண்டுபிடிக்கும். கைட்டோசானோ ஜீனைப் பொதிந்து கொண்டுபோய் உள்ளே இறக்கிவிட்டுத் தானும் கரைந்துபோகும்.

"வண்டி மிஞ்சாதா?" என்று மட்டும் அம்சம் கேட்டார்.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். ஃபிரிட்ஜில் இருந்த கைட்டோசான் பாட்டிலில் மட்டும் ஈரத்தில் பொட்டு நிற்கவில்லை. யாரோ செய்த மெஷினுக்கெல்லாம் பொட்டு, தான் காக்கை விரட்டிய பொருளுக்கு இல்லையா? மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை உள்ளேயே போட்டுக் குலுக்கினார். வெளிர்மஞ்சளான அந்தப் பொடியில் அது தெரியவில்லை.

அடுத்த வாரம் சோதனை. ஜீன் உள்ளே போனால் செல் பச்சையாக ஒளிரும், ஒளிர்ந்தது. ரிஃப்கா துள்ளிக் குதிக்காத குறை. பிறகு, ஜீனே சேர்க்காத கிண்ணத்தைப் பார்த்தாள். அதுவும் அதே பச்சை.

"பாலிமரே ஒளிருது. இது வேலைக்காகாது, எல்லாத்தையும் கொட்டிட்டு வேற தலைப்பு பாரும்மா" என்றார் பேராசிரியர். இரண்டரை வருட உழைப்பு. ரிஃப்கா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

அம்சம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"ஐயா, அந்த பாட்டில்ல நான் மஞ்சள் போட்டேங்க" என்றார் அம்சம்.

ரிஃப்கா துளி மஞ்சளைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பச்சை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடிதத்தில் காரணம் 'மாசுபடுத்தியது' என்று இருந்தது. ரிஃப்கா இரண்டு தடவை அலுவலகத்தில் போய்ப் பேசிப் பார்த்தாள். உண்மை சொன்னவருக்கு இதுதான் மரியாதை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நவம்பரில் அம்சம் ஊரில் இரண்டாம் போகத் தாளடி நடவில் நின்றபோது ரிஃப்காவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நீங்க காயவெச்ச ஓடு ஒரு டப்பா மிச்சம் இருந்துச்சு. அதுலேர்ந்து புதுசா எடுத்தேன். ஜீன் போட்ட கிண்ணம் பச்சை. போடாதது இருட்டுக்கா."

"இருட்டா இருந்தா நல்லதா?"

"அதான் நல்லது."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த நாற்று முடியை அவிழ்த்தார். என்ன சேதி என்று பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"நான் காயவெச்சது சுத்தமாத்தான் இருந்திருக்கு" என்றார் அம்சம்.